கரையோரத்தில் குவில்ட் தைக்கும்போது: கோளாறைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

சுவரில் மாட்டுவதற்காகத் துணியாலும் நூலாலும் செய்கிற படத்தைத்தான் ஆர்ட் குவில்ட் என்கிறோம். அமைப்பு என்னவோ போர்வையுடையதுதான். மேல்துணி, நடுவில் பஞ்சு, கீழே அடித்துணி, மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் தையல். மூன்று அடுக்கு இருப்பதால்தான் பிழை கண்டுபிடிப்பது குழப்பமாகிறது. கோளாறு ஒரு அடுக்கில் தெரியும், காரணம் இன்னொன்றில் உட்கார்ந்திருக்கும். தெரிகிற இடத்தையே நோண்டிக்கொண்டிருந்தால் நாள் முழுக்கப் போய்விடும்.

மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று கடலை ஒட்டி உட்கார்ந்து தைப்பவர்களுக்கு உப்புக்காற்றும் ஒரு காரணம். காற்றில் வரும் உப்பு எங்கே படிந்தாலும் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஊசி, கீழ்நூல் சுற்றிய பாபின் உட்காரும் பாபின் கேஸ், ஊக்கு, ஜரிகை எல்லாவற்றையும் அது தின்னும். வெளியூர்ப் பாடங்களில் இது இருக்காது. அதனால் நம் ஊருக்கு ஏற்றபடி எழுதுகிறேன்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியவை: புது ஊசி போடுங்கள். மேல்நூலை முழுதாக உருவி, துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டைத் தூக்கிவைத்து மறுபடி கோர்த்துவிடுங்கள். பாபின் கேஸைக் கழற்றி உள்ளே இருக்கும் பஞ்சுத்தூசியைப் பிரஷ்ஷால் தட்டுங்கள். பெரும்பாலான சிக்கல் இத்தோடு தீர்ந்துவிடும். தீராவிட்டால் கீழே உள்ளதில் உங்கள் அறிகுறியைத் தேடுங்கள்.

அடியில் நூல் கூடு கட்டுகிறது

பார்த்தவுடன் எல்லோரும் பாபினைத்தான் குறை சொல்வார்கள். பாபின் பாவம். கீழே கொத்தாகக் கிடப்பது மேல்நூல். அது நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவில் சரியாக உட்காராமல் தளர்ந்து ஓடுகிறது. ஃபுட்டை இறக்கிவைத்துக் கோர்த்தால் தட்டுகள் மூடியிருக்கும், நூல் வெளியிலேயே நின்றுவிடும். ஃபுட்டைத் தூக்கிக் கோர்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

துணியைக் கையாலேயே எல்லாத் திசையிலும் நகர்த்தி ஃப்ரீ மோஷன் தையல் போடுபவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். டார்னிங் ஃபுட் துணியைத் தொடாமல் சற்று மேலே நிற்கும். அதனால் பின்னால் இருக்கும் லீவரை இறக்காமலேயே தைக்க ஆரம்பித்துவிடுவோம். லீவர் இறங்காவிட்டால் டென்ஷனே கிடையாது.

நேராகத் தைக்கும்போது நன்றாக இருந்து, வளைவில் மட்டும் கீழ்ப்பக்கம் நூல் நீண்டு கிடந்தால் குற்றம் கையில்தான். வளைவில் கை வேகமாகச் சுற்றுகிறது, ஊசி அந்த வேகத்துக்கு இறங்கவில்லை. மிதியைச் சீராக வைத்துக் கையை நிதானப்படுத்துங்கள். அப்புறமும் இருந்தால் மேல் டென்ஷனை அரைச் சுற்று இறுக்கிப் பாருங்கள்.

மேல்நூல் அடிக்கடி அறுகிறது

எந்த நூல் அறுகிறது என்பதுதான் முதல் கேள்வி. பருத்தி, பாலியெஸ்டர், ரேயான், ஜரிகை ஒவ்வொன்றும் வேறு காரணத்துக்காக அறும்.

பளபளப்புக்காக நாம் அதிகம் வாங்குவது ரேயான் எம்பிராய்டரி நூல். கடல்நீரில் வெயில் பட்டால் வருகிற மினுமினுப்பு அதில்தான் வரும். ஆனால் ரேயானுக்கு ஈரம் ஆகாது. பருத்தி நூல் நனைந்தால் வலு கூடும், ரேயான் நனைந்தால் வலு குறையும். வாடைக்காற்று அடிக்கும் ஐப்பசி, கார்த்திகையில் ஜன்னலோரம் திறந்து வைத்த ரேயான் நூல்கண்டு அறுந்துகொண்டே இருக்கும். அதே கண்டு சித்திரையில் ஒழுங்காக ஓடும். எவர்சில்வர் டப்பாவில் மூடிவைத்து, தைக்கும் நேரத்தில் மட்டும் எடுங்கள். டப்பாவுக்குள் ஒரு துணி முடிச்சில் வறுத்து ஆறவைத்த அரிசி போட்டுவைத்தாலே கொஞ்சம் ஈரத்தை எடுத்துக்கொள்ளும். ரேயானே சரிப்படவில்லை என்றால் மழைக்காலத்துக்கு மட்டும் பாலியெஸ்டர் எம்பிராய்டரி நூலுக்கு மாறிவிடலாம். பளபளப்பில் ஒரு பிடி குறைந்தாலும் அறாது.

ஜரிகை நூல் அறுந்தால் அது சுருண்டு வருகிறதா என்று கவனியுங்கள். மெல்லிய உலோகப் பூச்சுள்ள தகட்டை ஒரு நூலின்மேல் சுற்றிச் செய்ததுதான் மெஷின் ஜரிகை. கண்டின் தலைப்பக்கத்திலிருந்து உருவினால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு ஏறும், தகடு உரிந்து ஊசிக்காதில் குவியும். கண்டு நின்றபடி சுழன்று பக்கவாட்டில் நூல் வருமாறு வையுங்கள். ஊசி 14-க்குக் குறைய வேண்டாம், காது பெரிதாக இருக்க வேண்டும். டென்ஷனை நன்றாகத் தளர்த்தி மெதுவாக ஓட்டுங்கள். அப்படியும் அறுந்தால் ஜரிகையைப் பாபினில் சுற்றி, படத்தைக் கவிழ்த்துப் பின்பக்கத்திலிருந்து தையுங்கள். நூல் ஊசிக்காது வழியே போகவே வேண்டாம். கெட்டியான நூல் எதற்கும் இந்த வழி கைகொடுக்கும்.

சாதாரண பாலியெஸ்டர் நூலே அறுந்தால் ஊசியைச் சந்தேகப்படுங்கள். ஊசியைக் கழற்றி அதன் முனையைக் கட்டைவிரல் நகத்தின்மேல் மெதுவாக இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் நல்லது, நகத்தில் கீறல் விழுந்தால் முனை மழுங்கியிருக்கிறது. பிறகு வெளிச்சத்தில் பிடித்துக் காதைப் பாருங்கள். காதின் உள்விளிம்பில் பழுப்பாக ஒரு பொட்டு தெரியும். துருதான். கண்ணுக்கு அவ்வளவு சின்னதாகத் தெரிவது நூலுக்கு அரம். எட்டு மணி நேர ஓட்டத்துக்கு ஒரு ஊசி என்பது பொதுவான கணக்கு. நம் பக்கம் மெஷினில் ஊசியை மாட்டியபடியே இரண்டு வாரம் தைக்காமல் விட்டிருந்தால், ஓடாத ஊசியானாலும் மாற்றிவிடுங்கள்.

தையல் விட்டு விட்டு விழுகிறது

பழைய கறுப்பு மெஷினில் ஃபுட்டைக் கழற்றிவிட்டு, வளையம் மாட்டி எம்பிராய்டரி போட்டுப் பழகியவர்கள் நம்மிடம் நிறைய இருக்கிறார்கள். அந்தப் பழக்கம் குவில்ட்டுக்குப் பெரிய சொத்து. கை ஏற்கெனவே துணியை நகர்த்தத் தெரிந்த கை. ஆனால் ஒற்றைத் துணியை வளையம் இழுத்துப் பிடித்திருந்தது. பஞ்சோடு மூன்று அடுக்கு என்றால் ஊசி மேலே வரும்போது துணியும் கூடவே எழும். அப்போது கீழே நூல் வளையம் விரியாது, ஷட்டில் கொக்கிக்கு அது சிக்காது, அந்தத் தையல் விட்டுப்போகும். ஸ்பிரிங் வைத்த டார்னிங் ஃபுட் ஒன்று வாங்கி மாட்டினால் ஊசி எழும்பும் நொடியில் அது துணியை அழுத்திப் பிடிக்கும். விரலுக்கும் பாதுகாப்பு.

துணியைத் தள்ளும் பற்களை இறக்க முடியாத மெஷினாக இருந்தால் தையல் நீளத்தைப் பூஜ்யத்தில் வைத்தால் போதும். ஊசியின் நீளமான பள்ளம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்துதான் நூல் கோர்க்க வேண்டும். திருப்பி மாட்டியிருந்தால் ஒரு தையல்கூட விழாது.

மேல்துணியில் பழுப்பு வட்டங்கள்

அடுக்குகளைச் சேர்த்துப் பிடிக்கக் குத்திய ஊக்கைக் கழற்றும்போது இது தெரியும். நடுவில் இரண்டு சின்ன ஓட்டை, அதைச் சுற்றி டீக்கறை நிறத்தில் ஒரு வளையம். ஊக்கின் துரு ஈரத்தில் கரைந்து இழையோடு பரவியிருக்கிறது. மேலே தெரிவதைவிட உள்ளே பஞ்சில் அதிகம் இருக்கும். அதனால் மேல்துணியை மட்டும் துடைத்தால் மறுபடி மேலே வரும்.

வெள்ளைப் பருத்தியாக இருந்தால் எலுமிச்சைச் சாறும் கொஞ்சம் உப்பும் வைத்து வெயிலில் காட்டி, பிறகு நல்ல தண்ணீரில் பலமுறை அலசினால் கறை இளகும். சாயத்துணியில் இதைச் செய்தால் நிறமும் சேர்ந்து போய்விடும், செய்ய வேண்டாம். அந்த இடத்தின்மேல் ஒரு துண்டுத்துணியை ஒட்டுத்தையல் போட்டு மறைப்பது மேல். ஊக்கே குத்தாமல் நூலால் பெரிய பெரிய ஓட்டுத்தையல் போட்டு அடுக்குகளைச் சேர்ப்பதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்வேன். நேரம் பிடிக்கும்தான். கடற்கரையில் வேறு நல்ல வழி இல்லை.

இஸ்திரிப் பெட்டியிலிருந்து பழுப்புத் தண்ணீர் சொட்டினால் அது போர்வெல் தண்ணீரின் வேலை. நீராவிப் பெட்டிக்குச் சேமித்த மழைநீரையோ வடிகட்டிய குடிநீரையோ ஊற்றுங்கள்.

கறுப்புத் துணியில் வெள்ளைப் பஞ்சு முளைக்கிறது

இரவுக் கடல் தைத்தவர்கள் அனைவரும் சந்தித்திருப்பார்கள். மெத்தைக் கடையில் கிடைக்கும் ஃபைபர் ஷீட்டின் இழை ஊசி ஓட்டை வழியாக மேலே வருகிறது. பிடுங்காதீர்கள், பிடுங்கப் பிடுங்க வரும். அடுத்த முறை நெருக்கமான நெசவுள்ள மேல்துணி, 11-ஆம் நம்பர் ஊசி, மேல்துணிக்கும் பஞ்சுக்கும் நடுவில் ஒரு கறுப்பு லைனிங். இல்லையென்றால் பஞ்சே வேண்டாம், பழைய பருத்தி வேட்டியை இரண்டு மூன்று மடிப்பாக வையுங்கள். வங்காளத்துக் காந்தாவில் பழைய புடவைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போடுவது இந்த முறைதான். நம் வெக்கைக்கும் புழுக்கத்துக்கும் அதுவே ஏற்றது. சுவரில் தட்டையாக நிற்கும், ஈரம் தங்காது.

சாயம் இறங்கிவிட்டது

பரமக்குடியை ஒட்டிய எமனேஸ்வரத்துக் கைத்தறிப் பருத்தி, மதுரைச் சுங்குடி, பழைய கைலி, தையல்காரரிடம் மிஞ்சும் பிளவுஸ் துண்டுகள் என்று நாம் துணி சேர்ப்பது பல இடத்திலிருந்து. எது சாயம் விடும் என்று பார்த்துச் சொல்ல முடியாது. சிவப்பு, கருநீலம், கறுப்பு மூன்றையும் கட்டாயம் சோதியுங்கள். துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் வைத்து அழுத்தித் தேய்த்தாலே தெரிந்துவிடும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று வீட்டில் சொல்வார்கள். விடுகிற சாயத்தை உப்பு நிலைநிறுத்தாது. நிறம் விடுவது நிற்கும்வரை அலசித்தான் ஆக வேண்டும், நிற்காத துணியைக் கலைப்படத்தில் சேர்க்கக் கூடாது.

முடித்த படத்தில் இறங்கிவிட்டதா? காயவிடாதீர்கள், இஸ்திரி போடவே கூடாது. பருத்தியாக இருந்தால் ஒரு பெரிய தொட்டி நிறையச் சூடான தண்ணீர், கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம், துணி முழுதும் மூழ்கும்படி பல மணி நேரம். தண்ணீர் நிறைய இருந்தால்தான் விட்ட சாயம் திரும்பத் துணியில் ஏறாமல் தண்ணீரிலேயே மிதக்கும். தண்ணீர் நிறம் மாறாமல் தெளியும்வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். பட்டுக்கு இந்த வைத்தியம் ஆகாது.

மஞ்சளில் நீங்களே தோய்த்த துணி வெளுப்பதற்குப் பரிகாரம் கிடையாது. மஞ்சள் வெயிலுக்கு நிற்காத சாயம். சிவப்புக்கு ஒரு காலத்தில் இந்தக் கரையோர மணலிலிருந்து சாயவேர் தோண்டினார்கள். நிலைத்து நிற்கிற சிவப்பு அது.

வலைத்துண்டு உருகி ஒட்டிக்கொண்டது

கரையில் ஒதுங்கும் கிழிந்த வலையைப் படத்தில் சேர்க்காத ஆள் இந்தப் பக்கம் குறைவு. அது நைலான். பருத்திக்கு வைக்கும் சூட்டில் உருகிவிடும். இஸ்திரிப் பெட்டியின் அடியில் ஒட்டியதை, ஆறுவதற்குமுன் தடித்த பருத்தித் துணியில் தேய்த்து எடுங்கள், கத்தி வைத்துச் சுரண்டாதீர்கள். அடுத்த முறை வலையைக் கடைசியில் சேருங்கள், எல்லா இஸ்திரியும் முடிந்த பிறகு. ஒட்டவும் வேண்டாம். வலையின் முடிச்சுகளைக் கையால் அங்கங்கே பிடித்துத் தைத்தால் அது இயல்பாகத் தொங்கும்.

வலையை முதலில் நல்ல தண்ணீரில் சில நாள் ஊறவைத்துத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். உப்பு போகாத வலை, படத்துக்குள் ஈரத்தைக் கொண்டுவந்துகொண்டே இருக்கும்.

தொங்கவிட்டால் ஓரம் அலை பாய்கிறது

நடுவில் நெருக்கித் தைத்து ஓரத்தைச் சும்மா விட்டிருக்கிறீர்கள். தையல் விழுந்த இடம் சுருங்கும், விழாத இடம் மிஞ்சி நிற்கும். ஓரத்திலும் அதே நெருக்கத்தில் தையுங்கள். பிறகு படத்தை நனைத்து, தரையில் விரித்த போர்வையின்மேல் அளவு பார்த்து இழுத்துத் துருப்பிடிக்காத ஊசிகளால் குத்தி நிழலில் காயவிடுங்கள். சாயச் சோதனை முடித்த துணிக்கு மட்டும்.

பாம்பன் பாலம் போன்ற நேர்கோடு வளைந்துபோவதும் இதே காரணம்தான். மற்ற இடத்தை நிரப்புவதற்கு முன்பே பாலத்தின் கோடுகளை அடுக்குகளை மேலிருந்தும் சேர்த்து நகர்த்தும் நடக்கும் ஃபுட் (வாக்கிங் ஃபுட்) போட்டுத் தைத்துவிடுங்கள்.

படம் காலண்டர் படம் மாதிரி வருகிறது

மெஷின் நன்றாக ஓடுகிறது, தையல் சீராக இருக்கிறது, ஆனாலும் படம் உயிரில்லாமல் இருக்கிறது. கோபுரம், படகு, சூரியன், மூன்று தென்னை. நான் அதிகம் கேட்கும் குறை இது. இதற்கு நேரம் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் போனில் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் நிறம் மட்டும் மாறியிருக்கிறது, அடர்த்தி மாறவில்லை. நீலக் கடல்மேல் பச்சைப் படகு கண்ணுக்கு வேறாகத் தெரிந்தாலும் எட்ட நின்றால் இரண்டும் கலந்துவிடும். ஒன்றை வெளுக்கவோ கறுக்கவோ செய்யுங்கள்.

அடுத்து, கடலுக்கு ஒரே நீலத்துணி வைத்திருக்கிறீர்களா? தனுஷ்கோடி சாலையில் நின்று பாருங்கள். ஒரு பக்கம் பாக் நீரிணை, பெண்கடல், சேலை மடிப்புபோல அடங்கிக் கிடக்கும். மறுபக்கம் மன்னார் வளைகுடா, ஆண்கடல், புரண்டுகொண்டிருக்கும். ஒரே ஆகாயத்தின் கீழ் இரண்டு நிறம், இரண்டு அசைவு. துணியைவிட நூலால்தான் இந்த வித்தியாசத்தைக் காட்ட முடியும். பெண்கடலுக்கு மெல்லிய 60-ஆம் நம்பர் நூலில் அகலமாக, படுத்தபடி போகும் கோடுகள். ஆண்கடலுக்கு 40-ஆம் நம்பர் ரேயான், நெருங்கி, சாய்ந்து, ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு. எண் ஏறினால் நூல் மெலியும். தையல் எந்தத் திசையில் போகிறதோ காற்று அந்தத் திசையில் அடிப்பதாகத்தான் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியும். மேற்கேயிருந்து வரும் கச்சான் காற்றா, வடக்கேயிருந்து வரும் வாடையா என்று முடிவு செய்துவிட்டு ஊசியை இறக்குங்கள்.

கோபுரத்தை விட்டு வெளியே வாருங்கள். வாலிநோக்கம் உப்பளத்தைக் கரையில் நின்று பாருங்கள். பாத்தி பாத்தியாகப் பிரிந்து, ஒன்று பச்சை, ஒன்று இளஞ்சிவப்பு, ஒன்று உப்புப் பூத்த வெள்ளை. குவில்ட்டின் கட்டங்கள் அங்கே தரையிலேயே கிடக்கின்றன. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து கீஸ் பெண்ட் ஊர்ப் பெண்கள் உழைத்துத் தேய்ந்த வேலைத்துணியை வெட்டி இணைத்துச் செய்த குவில்ட்டுகள் இப்போது அருங்காட்சியகங்களில் தொங்குகின்றன. கோடு சற்றுக் கோணலாகப் போனால் அப்படியே விட்டார்கள், அதில்தான் அழகே இருக்கிறது. உப்பளத் தொழிலாளியின் வெளுத்த சட்டையும் கைலியும் அந்தப் பாத்திகளுக்குப் பொருத்தமான துணி. கடையில் புதுத்துணி வாங்கி அதைச் செய்ய முடியாது.

ஒரே படத்தில் எல்லாவற்றையும் நெருக்குவதுதான் கோளாறு என்றால் ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசத்துக்குப் போங்கள். சேதுபதி காலத்துச் சுவரோவியங்களில் பெரிய கதையைப் பட்டை பட்டையாக, கட்டம் கட்டமாகப் பிரித்து, நடுவில் கரை போட்டிருக்கிறார்கள். அடிமையாகப் பிறந்து விடுதலையான ஹாரியட் பவர்ஸ் 1886 வாக்கில் செய்த பைபிள் குவில்ட்டிலும் இதே உத்திதான். கட்டத்துக்கு ஒரு சம்பவம், எளிய ஒட்டுத்துணி உருவங்கள். அதுபோல ஒரு கட்டத்தில் பாசி எடுக்கும் பெண்ணின் முகமூடிக் கண்ணாடி மட்டும் இருக்கட்டும். இன்னொன்றில் ஆவுளியா என்கிற கடற்பசு மேய்ந்துபோன கடற்புல் தடம்.

பவளம் வைக்க விரும்புபவர்களுக்கு ஒரு வார்த்தை. பவளப்பாறையும் கடல் விசிறியும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கரையில் ஒதுங்கியதானாலும் பொறுக்கித் தைக்காதீர்கள். அவசியமும் இல்லை. ஒரு கோடு தன்னையே எங்கும் வெட்டாமல் நெளிந்து நெளிந்து இடத்தை நிரப்பும் தையல் இருக்கிறதே, மூளைப் பவளத்தின் மேற்பரப்பு அச்சு அசலாக அதுதான். நூலை ஊசியில் சுற்றிப் போடும் சின்ன முடிச்சான பிரெஞ்சு நாட் போட்டால் பவளத்தின் மொட்டுகள் வந்துவிடும்.

பெட்டியிலிருந்து எடுத்தால் பூஞ்சை வாடை

பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்தது காரணம். உள்ளே இருந்த ஈரம் வெளியே போக வழியில்லை. பூஞ்சையை உலர்ந்த பிரஷ்ஷால் வீட்டுக்கு வெளியே தட்டி, காற்றில் ஆறவிட்டு, பிறகு துவைக்கக்கூடியதாக இருந்தால் துவையுங்கள். வைக்கும்போது மடிக்காமல், படம் வெளிப்பக்கம் வர, துணி சுற்றிய குழாயில் உருட்டி, மேலே பழைய வேட்டியைப் போர்த்துங்கள். கஞ்சி போட்ட துணி சேர்ந்த படத்தைக் கஞ்சி போக அலசாமல் வைத்தால் ராமபாணப் பூச்சி வரும். அதன் தீனியே அதுதான். வசம்பைத் துணியில் முடிந்து குழாய்க்குள் போடலாம், நேராகத் துணிமேல் படக்கூடாது.

சுவரில் மாட்டியதைக் கடலைப் பார்த்த ஜன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள். வெயிலும் உப்பும் சேர்ந்து அடிக்கும். அடித்துணி சுவரில் ஒட்டாதபடி மேல்சட்டத்துக்குப் பின்னால் ஒரு விரற்கடை மரக்கட்டை வைத்தால் காற்று ஓடும். ஐப்பசி மழை தொடங்குவதற்குமுன் ஒருமுறை, தை பிறந்ததும் ஒருமுறை படத்தை இறக்கிப் பின்பக்கத்தைப் பாருங்கள். பூஞ்சை முதலில் அங்கேதான் வரும்.